நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மாவோரி ஊர்ப்பெயர்களையும் சொற்களையும் புரிந்துகொள்வது எப்படி?

விசா, வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் நியூசிலாந்துக்கு விமானம் ஏறும் முன்பே ஆளாளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பெயர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து பேருந்து அறிவிப்பு, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல், வரித்துறைக் கடிதத்தின் தலைப்பு, மருத்துவமனைச் சுவர் என்று எங்கு பார்த்தாலும் மாவோரிச் சொற்கள், அதாவது இந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழிச் சொற்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நம்பி வந்தவர்களுக்கு இது பெரிய திணறல். எனக்கும் பிடிபட வெகுகாலம் ஆனது. எந்த வரிசையில் கற்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் ஊர்ப்பெயரைப் புரிந்துகொள்ள மூன்று வேலைகள் இருக்கின்றன: முதலில் ஒலி, அடுத்து துண்டு பிரிப்பது, கடைசியில் முழுப்பெயரைத் தேடிப் பார்ப்பது. பெரும்பாலானோர் முதல் வேலையையும் கடைசி வேலையையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் செய்கிறார்கள். அதனால்தான் தப்புத் தப்பான அர்த்தங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவையான கருவிகள் எல்லாம் இலவசம். டெ அக்கா என்ற இணைய அகராதியில் சொல்லின் பொருளோடு உச்சரிப்பின் ஒலிப்பதிவும் கிடைக்கும். அரசின் நிலத் தகவல் துறை நடத்தும் நியூசிலாந்து கெசட்டியர் தளத்தில் எந்த ஊர், மலை, ஆற்றின் பெயரையும் தேடலாம். அந்தப் பெயர் அதிகாரபூர்வமானதா, சரியான எழுத்துக்கூட்டல் எது என்று அதில் இருக்கும், சில பெயர்களுக்குத் தோற்றக் குறிப்பும் இருக்கும். உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராக ஓர் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் (வங்கி அறிக்கை அல்லது மின்கட்டண ரசீது) கொண்டு போனால் போதும். காலம் என்று பார்த்தால், ஒலிக்கு ஒரு வாரம், அடிப்படைத் துண்டுகளுக்கு ஒரு மாதம். அதற்குமேல் நீங்கள் வண்டி ஓட்டும் சாலைகளே பாடம் நடத்தும்.

1. அர்த்தம் தேடும் முன் ஒலியைப் பிடியுங்கள்

மாவோரியில் மொத்தம் 15 எழுத்துகள்: உயிர் 5, மெய் 10. ஒவ்வோர் உயிருக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அதாவது அ ஆ, எ ஏ, இ ஈ, ஒ ஓ, உ ஊ. அப்படியே நம் உயிரெழுத்துகள். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டுக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். நமக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிட்டது. மெய்யெழுத்துகள் இரண்டு சேர்ந்து நிற்பதில்லை, ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியும். அதனால் எவ்வளவு நீளமான பெயரையும் உயிர் வரும் இடமெல்லாம் வெட்டி வெட்டிப் படித்துவிடலாம்.

ஆனால் தமிழர்களுக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி நம் எழுத்தில்தான். தமிழில் சொல்லின் நடுவில் ஒற்றைக் க, ட, த, ப வந்தால் மெலிந்து ஒலிக்கும். மாவோரியில் எப்போதும் வல்லொலிதான். ‘ரொடொருவா’ என்று குறிப்பேட்டில் எழுதினால் உங்கள் நாக்கு தானாக ‘டி’ ஒலியை மெலிக்கும். ‘ரொட்டொருவா’ என்று இரட்டித்து எழுதுங்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதுகிறேன். இரட்டித்திருப்பது அழுத்திச் சொல்வதற்காக இல்லை, மெலியாமல் இருப்பதற்காக. அதேபோல் கடைசியில் வரும் அகரத்தைத் தமிழ் வழக்கப்படி ‘ஆ’ என்று எழுதினாலும் வாயில் குறிலாகவே விடுங்கள்.

இரண்டாவது, ‘என்’னும் ‘ஜி’யும் சேர்ந்து வரும் எழுத்து. அது ஒரே மெய், நம் ‘ங்’. பிறகு ‘க’ கிடையாது. ‘டௌரங்கா’ என்று சொன்னால் உள்ளே ஒரு ‘க’ நுழைந்துவிடுகிறது. ‘இங்ஙனம்’ என்று சொல்லும்போது வருகிற ‘ங்ங’ நினைவிருக்கிறதா? அதுதான்: டௌ-ர-ங. சொல்லின் தொடக்கத்திலும் இது வரும். ‘ஙா’ என்றால் பன்மைக்கான சுட்டு, ஆங்கிலத்தின் ‘தி’ போல. ஒருமைக்கு ‘டெ’. இந்த ‘டெ’யை ‘டீ’ என்று இழுக்காதீர்கள்.

மூன்றாவது, ‘டபிள்யூ’வும் ‘ஹெச்’சும். பெரும்பாலான பகுதிகளில் இது ‘ஃப’ ஒலி. ஃபங்ஙாரெய், ஃபானௌ (குடும்பம்), ஃபரெ (வீடு). ஆனால் ஃபங்ஙனுயி ஆற்றுப் பகுதியில் உள்ளவர்கள் கிட்டத்தட்ட ‘வங்ஙனுயி’ என்று, தொண்டையில் சின்னதாக ஒரு தடை வைத்துச் சொல்வார்கள். அது அவர்களுடைய பேச்சு வழக்கு. அந்த ஊருக்குப் போனால் அங்கே சொல்கிறபடியே சொல்லுங்கள். அந்த ஊர்ப்பெயரில் ‘ஹெச்’ இருக்க வேண்டுமா என்பதே நீண்ட விவாதமாகி, மாவட்டத்தின் பெயர் 2015-இல்தான் ‘ஹெச்’ சேர்ந்த வடிவுக்கு மாறியது. பழைய வரைபடத்தில் அது இல்லாமல் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

‘ஆர்’ எழுத்து நம் ‘ர’வேதான். ஆங்கிலேயர் போல் நாக்கைச் சுருட்ட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் ஊர்ப்பெயர்களை வெட்டிச் சொல்வதைக் கேட்பீர்கள். வெலிங்டனுக்கு வடக்கே இருக்கும் பரப்பரௌமு பலர் வாயில் ‘பரபராம்’ ஆகிவிடும். கேட்டால் புரிந்துகொள்ள அந்த வடிவும் தெரிந்திருக்கட்டும். சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். புதிதாக வந்த ஒருவர் பெயரைச் சரியாகச் சொல்ல முயல்வதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாவோரிகள் முகத்தில் அதற்கான மகிழ்ச்சியைப் பார்க்கலாம்.

2. எழுத்தின் மேல் கோடு: விட்டுவிடாதீர்கள்

உயிரெழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு இருந்தால் அது நெடில். ஆங்கிலத்தில் மேக்ரான், மாவோரியில் டொஹுட்டோ. கல்லும் காலும் நமக்கு எப்படி வேறோ, அப்படித்தான் அவர்களுக்கும். ‘கெக்கெ’ என்றால் கேக், ‘கேக்கே’ என்றால் அக்குள். ‘வஹினெ’ ஒரு பெண், ‘வாஹினெ’ பெண்கள். பொதுக் கழிப்பறைக் கதவில் ‘வாஹினெ’ என்று இருந்தால் பெண்களுக்கு, ‘டானெ’ என்று இருந்தால் ஆண்களுக்கு. இது முதல் நாளிலேயே தேவைப்படும்.

கோட்டைத் தட்டச்சு செய்யும் வழி: விண்டோஸ் கணினியில் மொழி அமைப்புகளுக்குப் போய் மாவோரி விசைப்பலகையைச் சேருங்கள். அப்புறம் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை ஒரு முறை தட்டி, உயிரெழுத்தைத் தட்டினால் கோடு வந்துவிடும். மேக் கணினியில் மாவோரி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து ஆப்ஷன் விசையோடு உயிரெழுத்து. கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும், அதில் நேர்க்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். நெளிகோடும் இரட்டைப் புள்ளியும் வேறு மொழிகளுக்கு உரியவை.

வைக்கட்டொ பகுதியில் கோட்டுக்குப் பதில் உயிரெழுத்தை இரண்டு முறை எழுதும் வழக்கம் இருக்கிறது. ஹாமில்டனுக்கு அருகில் உள்ள ஙாருவாவாஹியா ஒரு பலகையில் கோட்டோடும் இன்னொன்றில் இரட்டை ஆங்கில ‘ஏ’ எழுத்தோடும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான்.

3. துண்டுகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

இருபது, முப்பது துண்டுகள் தெரிந்தால் சாலைப் பலகைகளில் பெரும்பகுதி திறந்துகொள்ளும். அடிக்கடி வருபவை:

வை: நீர், ஆறு. ரொட்டொ: ஏரி. மொவானா: கடல், பெரிய நீர்ப்பரப்பு. ஃபங்ஙா: துறைமுகம், விரிகுடா. மௌங்ஙா: மலை. புக்கெ: குன்று. மொட்டு: தீவு. ஒனெ: மணல். பப்பா: சமதளம். அரா: பாதை. ரங்ஙி: வானம். அவொ: மேகம், உலகம். இக்கா: மீன். ரொவா: நீண்ட. நுயி: பெரிய. இட்டி: சிறிய. வெரா: எரிந்த, சூடான. டப்பு: புனிதம், விலக்கு.

பெயரின் தொடக்கத்தில் ‘ஓ’ இருந்தால் பெரும்பாலும் ‘இன்னாருடைய இடம்’ என்று பொருள். கிறைஸ்ட்சர்ச்சின் மாவோரிப் பெயர் ஓட்டௌட்டஹி, டௌட்டஹி என்ற தலைவரின் இடம்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். ரொட்டொ-இட்டி, சின்ன ஏரி. வை-டங்ஙி, அழும் நீர். டங்ஙி என்றால் அழுகை, ஒலி எழுப்புவது. 1840 பிப்ரவரி 6-இல் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தான இடம் இதுதான், அந்த நாள் பொது விடுமுறை. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் தெற்கு ஆக்லாந்தில் பப்பா-டொயெட்டொயெ, டொயெட்டொயெ என்ற உயரமான புல் வளர்ந்த சமவெளி. அதற்குத் தெற்கே மனுரெவா. மனு என்றால் பறவை, பட்டம் என்றும் பொருள் உண்டு, ரெவா மிதப்பது. நூல் அறுந்து மிதந்துபோன ஒரு பட்டத்தின் கதை அந்தப் பெயரில் இருக்கிறது.

துண்டு பிரிப்பதில் பொறிகள் நிறைய. ‘கை’ என்றால் உணவு, உண்பது. கைக்கோவுரா என்ற கடற்கரை ஊரில் அது சரியாகப் பொருந்தும்: கோவுரா என்றால் சிங்கி இறால், இன்றும் அந்த ஊர் அதற்குப் பேர்போனது. ஆனால் ‘கை’ செய்பவரைக் குறிக்கும் முன்னொட்டாகவும் வரும். ‘கையக்கொ’ ஆசிரியர், ‘கைமஹி’ பணியாளர். அங்கே சாப்பாட்டைத் தேடாதீர்கள். ‘ருவா’ என்றால் இரண்டு, குழி என்றும் பொருள். ஙாருவாவாஹியாவில் அது குழிதான்: விருந்துக்காகத் திறக்கப்பட்ட உணவுச் சேமிப்புக் குழிகள். ‘வை’ என்றால் ‘யார்’ என்றும் பொருள் உண்டு. ‘கொ வை’ என்று யாராவது கேட்டால் தண்ணீர் கேட்கவில்லை, நீங்கள் யார் என்று கேட்கிறார்கள்.

எழுத்துப் பிழையால் துண்டே சிதைந்த பெயர்களும் இருக்கின்றன. வெலிங்டன் துறைமுகக் கரையில் உள்ள பெட்டொனி உண்மையில் பிட்டொ-ஒனெ, மணற்கரையின் முனை. ஆக்லாந்தின் ரெமுவெராவில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘டபிள்யூ’ தொலைந்துவிட்டது. ரெமு-வெரா என்றால் எரிந்த ஆடை ஓரம். இப்படிப்பட்ட பெயர்களை அகராதியில் அப்படியே தேடினால் ஒன்றும் கிடைக்காது, கெசட்டியரில் தேடுங்கள்.

4. முழுப்பெயரைத் தேடாமல் அர்த்தம் சொல்லாதீர்கள்

இந்தப் படியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

இன்று பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் ஒரு நீண்ட பெயரின் சுருக்கம். முழுப்பெயரில் ஓர் ஆள் இருப்பார், அவர் செய்த ஒரு காரியம் இருக்கும். சுருக்கத்தை மட்டும் வெட்டிப் பார்த்தால் ஆளும் போய்விடுவார், கதையும் போய்விடும்.

ஆக்லாந்துத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் எரிமலைத் தீவு ரங்ஙிட்டொட்டொ. ரங்ஙி வானம், டொட்டொ இரத்தம். ‘இரத்த வானம்’, எரிமலை வெடித்தபோது வானம் சிவந்ததால் வந்த பெயர் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ரங்ஙி’க்கு நாள் என்ற பொருளும் உண்டு. முழுப்பெயர் டமட்டெக்கப்புவா என்பவரின் இரத்தம் சிந்திய நாட்களைச் சொல்கிறது. அவர் மாவோரி முன்னோர் இந்நாட்டுக்கு வந்த பெரும் படகுகளில் ஒன்றான டெ அரவாவின் தலைவர். டைனுயி படகின் தலைவர் ஹொட்டுரொவாவோடு அங்கே சண்டை நடந்து காயப்பட்டார் என்பது வாய்மொழி வரலாறு.

அங்கிருந்து ரொட்டொருவாவுக்கு வாருங்கள். ‘இரண்டு ஏரி’ என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது இரண்டாவது ஏரி. ஈஹெங்ஙா என்பவர் முதலில் ரொட்டொஇட்டியைக் கண்டார், அடுத்து இதை. முழுப்பெயர் டெ ரொட்டொருவா நுயி ஆ கஹுமட்டமொமொயெ: கஹுமட்டமொமொயெயின் இரண்டாவது பெரிய ஏரி. அவர் ஈஹெங்ஙாவுக்குத் தந்தையின் சகோதரர், மாமனாரும்கூட. அந்தக் கஹுமட்டமொமொயெயின் அப்பாதான் ரங்ஙிட்டொட்டொவில் இரத்தம் சிந்திய டமட்டெக்கப்புவா. ஆக்லாந்துக் கடலில் உள்ள தீவும், மூன்று மணிநேரப் பயணத் தூரத்தில் உள்ள ஏரியும் ஒரே குடும்பத்தின் பெயர்கள். இது தெரிந்தபிறகு அந்தச் சாலையில் போவதே வேறு மாதிரி இருக்கிறது.

இன்னும் தெற்கே டௌப்போ. ‘டௌ’ ஆண்டு, ‘போ’ இரவு என்று அகராதியில் பிரித்தால் ஒன்றும் விளங்காது. டௌப்போ நுயி ஆ டியா என்ற முழுப்பெயரில்தான் பொருள் இருக்கிறது: டியாவின் பெரிய மேலாடை. ஏரிக்கரைப் பாறைச்சரிவு அவர் போர்த்தியிருந்த மழை ஆடையைப் போல இருந்ததாம். டியாவும் டெ அரவா படகில் வந்தவர்தான்.

முழுப்பெயர் சுருங்காமல் அப்படியே நிற்கும் இடமும் ஒன்று உண்டு. ஹாக்ஸ் பே பகுதியில் போரங்ஙஹௌ அருகே உள்ள ஒரு குன்றின் பெயர் ஆங்கில எழுத்தில் 85 எழுத்துகள். ‘டௌமட்டா’ (உச்சி) என்று தொடங்கும். பெரிய முழங்கால்களையுடைய, மலைகளில் ஏறி நாடெல்லாம் சுற்றிய டமட்டெயா தன் அன்புக்குரியவருக்காகக் குழல் ஊதிய உச்சி என்பது அதன் சாரம். ஒரு வாக்கியமே ஊர்ப்பெயராக நிற்கிறது. மற்ற பெயர்களும் ஒரு காலத்தில் இப்படி நீண்டிருந்தவைதான் என்று எண்ணிக்கொண்டு தேடத் தொடங்குங்கள், வழி கிடைக்கும்.

தேடும் வரிசை: முதலில் கெசட்டியர். அடுத்து, அந்த ஊரின் மாவட்ட மன்றத் தளத்தில் ஊரைப் பற்றிய பக்கம். பிறகு அந்தப் பகுதியின் ‘இவி’ (மாவோரிக் குலம்) நடத்தும் தளம். ஒரே இடத்துக்கு இரண்டு குலத்தார் இரண்டு கதை சொல்வதும் உண்டு. அப்போது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், நடுவராக இருக்க வேண்டாம்.

5. தெற்குத் தீவுக்குப் போனால் ‘ங்’ மறைந்துவிடும்

தெற்குத் தீவின் பெரும்பகுதி ஙாய் டஹு குலத்தாரின் நிலம். அவர்கள் வழக்கில் ‘ங்’ பல இடங்களில் ‘க்’ ஆகும். அவர்களே தங்களைக் காய் டஹு என்றும் சொல்வார்கள். வடக்கே அவொரங்ஙி என்று வர வேண்டியது தெற்கே அவொரக்கி. நாட்டின் மிக உயரமான மலையின் அதிகாரபூர்வப் பெயர் 1998 முதல் அவொரக்கி / மவுண்ட் குக். வடக்கே வைட்டங்ஙி, தெற்கே வைட்டக்கி ஆறு. வடக்கே ஃபங்ஙரொவா, தெற்கே அக்கரொவா: இரண்டுமே நீண்ட துறைமுகம்.

அகராதியில் தெற்குப் பெயர் கிடைக்காவிட்டால் ‘க்’கை ‘ங்’ ஆக்கித் தேடுங்கள், பல சமயம் கிடைத்துவிடும். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. ஙாய் டஹு குலத்தாரே கா ஹுரு மனு என்ற வரைபடத் தளத்தை நடத்துகிறார்கள். தெற்குத் தீவின் பெயர்களை இடம், பொருள், ஆதாரத்தோடு அதில் பார்க்கலாம். இலவசம்.

6. ஒரே ஊருக்கு இரண்டு பெயர்: படிவத்தில் எதை எழுதுவது?

தொலைக்காட்சி வானிலை அறிக்கையிலேயே மாவோரிப் பெயர்களும் வரும், எனவே இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆக்லாந்து: டாமக்கி மக்கௌரௌ (பலரும் விரும்பிய டாமக்கி). வெலிங்டன்: டெ ஃபங்ஙனுயி ஆ டரா (டராவின் பெரிய துறைமுகம்), பேச்சில் போனெக்கெ. இது ‘போர்ட் நிக்கல்சன்’ என்ற ஆங்கிலப் பெயர் தேய்ந்து வந்தது. ஹாமில்டன்: கிரிக்கிரிரொவா (நீண்ட சரளைப் பரப்பு). டனீடன்: ஓட்டெப்பொட்டி. நியூ பிளிமத்: ஙாமொட்டு. இன்வர்கார்கில்: வைஹோப்பை. வடக்குத் தீவு டெ இக்கா ஆ மாவுயி (மாவுயியின் மீன்), தெற்குத் தீவு டெ வைப்பொவுனமு (பச்சைக்கல்லின் நீர்). இரு தீவுகளுக்கும் இந்தப் பெயர்கள் 2013 முதல் அதிகாரபூர்வம். எக்மாண்ட் என்று பழைய வரைபடத்தில் இருக்கும் மலைக்கு இப்போது டரனக்கி மௌங்ஙா மட்டும்தான் பெயர், 2025-இல் சட்டமே வந்துவிட்டது.

படிவம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை:

முகவரியை அஞ்சல் துறையின் முகவரித் தேடலில் வரும் வடிவிலேயே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கி, ஓட்டுநர் உரிமம் மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் முகவரிச் சான்று கேட்கும்போது சிக்கல் வராது. சில இணையப் படிவங்கள் மேக்ரான் கோட்டை ஏற்காமல் பிழை காட்டும். அங்கே கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள், எழுத்தை இரட்டிக்க வேண்டாம்.

நான்கு இலக்க அஞ்சல் குறியீட்டை எப்போதும் சேருங்கள். ‘ஃபங்ஙா’வில் தொடங்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: ஃபங்ஙாரெய், ஃபங்ஙனுயி, ஃபங்ஙமட்டா, ஃபங்ஙப்பராவொவா. முதலாவது ஆக்லாந்துக்கு வடக்கே சுமார் 160 கி.மீ., இரண்டாவது வெலிங்டனுக்கு வடக்கே சுமார் 195 கி.மீ. பேருந்தோ விமானமோ பதிவு செய்யும்போது முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் வரும் பட்டியலில் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பணம் கட்டும் முன் முழு எழுத்தையும் ஒரு முறை படியுங்கள்.

அவசர அழைப்பு எண் 111. அப்போது ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல் அருகிலுள்ள பெரிய நகரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைரொவா என்ற பெயரில் ஹாக்ஸ் பேயில் ஓர் ஊரும், டௌரங்ஙா அருகே ஓர் ஆறும், நார்த்லாண்டில் இன்னோர் ஆறும் இருக்கின்றன. உச்சரிப்பில் சந்தேகமாக இருந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

7. அலுவலகக் கடிதங்களும் பள்ளி மின்னஞ்சல்களும்

கடிதத்தின் தலைப்பில் எந்தத் துறை என்று தெரியாமல் ஓரமாக வைத்துவிட்டால் கெடு தேதி போய்விடும். டெ டரி டாக்கெ வரித்துறை. டெ ஃபட்டு ஒரா பொதுச் சுகாதாரத் துறை. வக்கா கொட்டஹி போக்குவரத்துத் துறை. டெ டரி டைஃபெனுவா உள்துறை: கடவுச்சீட்டு, குடியுரிமை எல்லாம் இங்கேதான். டெ டாஹுஹு ஒ டெ மாட்டௌரங்ஙா கல்வி அமைச்சகம்.

பள்ளியிலிருந்து வருபவை: பானுயி (அறிவிப்பு), ஹுயி (கூட்டம்), டமரிக்கி (பிள்ளைகள்), டுமுவக்கி (தலைமையாசிரியர்), குரா (பள்ளி), வையட்டா (பாட்டு), கரக்கியா (பிரார்த்தனை). ‘ஃபானௌ ஹுயி’ என்று வந்தால் பெற்றோரும் வர வேண்டிய கூட்டம். தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஃபானௌ என்ற சொல்லுக்குள் அவர்களும் அடக்கம்.

மின்னஞ்சலில் தொடக்கத்துக்கு ‘கியா ஒரா’, முடிவுக்கு ‘ஙா மிஹி’ போதும். கொஞ்சம் மரியாதையாக எழுத வேண்டுமானால் ‘டேனா கொயெ’. இங்கே தமிழர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. பெரியவர் ஒருவரைப் பன்மையில் விளிப்பது நம் பழக்கம், அதனால் ‘டேனா கொவுட்டொவு’ என்று எழுதத் தோன்றும். அது மூன்று பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ மட்டும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒருவருக்கு ‘டேனா கொயெ’, இருவருக்கு ‘டேனா கோருவா’. மரியாதைக்கும் எண்ணிக்கைக்கும் இங்கே தொடர்பில்லை.

8. ஒலி ஒற்றுமையை வைத்துத் தமிழோடு முடிச்சுப் போடாதீர்கள்

சமூக ஊடகங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ‘கூமரா’ என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதைக் குமரனோடு இணைத்து எழுதியவர்களும் உண்டு. அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பெயரும் அங்கிருந்தே வந்தது என்பது அறிஞர்களின் கருத்து. மாவோரி பாலினேசிய மொழி. சமோவா, டஹிட்டி, ஹவாய் மொழிகள் அதன் நெருங்கிய உறவு. தொலைதூர உறவு மலாய்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழர்களுக்கு இதில் பெரிய அனுகூலம். மலாயில் இக்கான், இங்கே இக்கா. லிமா (ஐந்து) இங்கே ரிமா. லாங்கிட் (வானம்) ரங்ஙி. தெலிங்கா (காது) டரிங்ஙா. அப்பி (நெருப்பு) அஹி. ஜாலான் (பாதை) அரா. தாங்கிஸ் (அழுகை) டங்ஙி. இவை தற்செயலாக அமைந்தவை அல்ல, ஒரே ஆஸ்ட்ரோனேசிய வேரிலிருந்து ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு வந்தவை.

தமிழுக்கும் இந்த நாட்டுக்கும் ஓர் உண்மையான பழைய தொடுப்பு உண்டு, அது ஒரு வெண்கல மணி. ஒரு கப்பலுக்கு உரிய மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. வடக்குத் தீவின் வடபகுதியில் மாவோரிகள் அதைச் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்தியதை 1830களில் மதபோதகர் வில்லியம் கொலென்சோ கண்டு வாங்கினார். இப்போது வெலிங்டனில் உள்ள டெ பப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கப்பல் வழி வந்த ஒரு பொருளைப் பற்றித்தான் அது பேசுகிறது, மொழி உறவுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

9. மரையெவுக்குப் போகும்போது

வேலையிடமோ பள்ளியோ உங்களை மரையெ என்ற கூடுமிடத்துக்கு அழைத்துப் போகும் நாள் வரும். காலணியைக் கூட்டவீட்டு வாசலில் கழற்றுவது நமக்குப் பழகியதுதான். மேசைமேல் உட்காராதீர்கள். பிறர் தலையைத் தொடாதீர்கள், குழந்தை என்றாலும் சரி. தலை டப்பு. ‘கொஹா’ என்பது அன்பளிப்பு. குழுவாகப் போனால் ஒரே உறையில் சேர்த்துக் கொடுப்பார்கள். எவ்வளவு என்பது உங்கள் விருப்பம், அழைத்துப் போகிறவரிடம் முதல் நாளே கேட்டுப் பணத்தைத் தயாராக வையுங்கள்.

உங்களை அறிமுகம் செய்யச் சொல்வார்கள். பெப்பெஹா என்ற மாவோரி அறிமுகத்தில் தங்கள் மலை, ஆறு, படகு, குலம் எல்லாவற்றையும் சொல்வார்கள். அது வம்சாவளி உரிமை. இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து ‘என் மலை ரங்ஙிட்டொட்டொ’ என்று நாம் சொல்லக் கூடாது. இப்படிச் சொல்லலாம்: ‘நோ ஈனியா ஓக்கு டூப்புனா’ (என் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்), ‘எ நொஹொ அனா அஹௌ கி கிரிக்கிரிரொவா’ (நான் ஹாமில்டனில் வசிக்கிறேன்), ‘கொ … டோக்கு இங்ஙொவா’ (என் பெயர் …). இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தவர்கள் நாட்டுப் பெயரின் மாவோரி வடிவை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. வகுப்பில் சேர நினைத்தால்

டெ வானங்ஙா ஒ அவொட்டெயரொவா என்ற கல்வி நிறுவனம் நாடு முழுக்க மாவோரி வகுப்புகள் நடத்துகிறது. குடியுரிமையோ வதிவிட விசாவோ உள்ளவர்களுக்கு அங்கே பல பாடங்களுக்குக் கட்டணமே இல்லை. வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கணக்கில் வருவார்கள், கட்டணம் வேறு. விசாவில் படிப்பு பற்றிய நிபந்தனையைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். அதுவரை நூலகங்களிலும் சமூக மையங்களிலும் நடக்கும் குறுகிய மாலை வகுப்புகளைப் பாருங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் இலவசமாகவே நடக்கும்.

ஆவணங்கள்: கடவுச்சீட்டு, விசா கடிதம், சில இடங்களில் முகவரிச் சான்று. கடவுச்சீட்டில் உள்ள பெயரையே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். அப்பா பெயர் எந்தக் கட்டத்தில், சொந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்பதில் நம்மவர்கள் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதி, பிறகு தேசிய மாணவர் எண் இரண்டாக உருவாகிவிடும். இங்கே ஏற்கெனவே ஏதாவது படித்திருந்தால் அந்தப் பழைய எண்ணையே கொடுங்கள்.

சான்றளித்த நகல் கேட்டால் வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜேபி என்று சொல்லப்படும் அமைதி நீதிபதிகள் இதை இலவசமாகச் செய்கிறார்கள். பல நூலகங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நேரம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அசலையும் நகலையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

கல்வியாண்டு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும், சில பாடங்களுக்கு ஜூலையிலும் சேர்க்கை உண்டு. தொடக்கநிலை மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பிப்ரவரி வகுப்பு வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு நவம்பருக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அலுவலகங்கள் பலவும் விடுமுறையில் இருக்கும்.